மணல் சேர்க்காத வர்ணம்

“அது அவ விதிதானம்மா?”

ஆவுடையப்பன் இப்படிக் கேட்பது அன்றைக்கு மூன்றாவது தடவை.

குறுமலை மடத்துச் சிவகாமி அம்மை மூன்றாவது தடவையும் முருங்கைக்கீரையைத்தான் உருவிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று வயது. அரசாங்கத்தில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. மடத்துக்கு வருமுன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சீடர் குருவைவிட மூத்தவராக இருப்பதில் ஊரில் சிலருக்குச் சிரிப்பு. ஆவுடையப்பன் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பொருட்படுத்தாமல் விட்ட விஷயங்களில் அது ஒன்றுதான் நல்லது.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்கம்மா. குரு பூசை அன்னைக்கு, அபிஷேகத் தண்ணியோட, சந்நிதிப் படியில... யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவுன்னு.”

“கடைசியா அவளக் குளிப்பாட்டுனது நான்,” என்றார் அம்மை.

உருவிய குச்சியைத் தூர எறிந்தார்.

மடத்துக்கு ஐம்பத்து நான்கு படி ஏற வேண்டும். உச்சியில் ஆதி குருவின் சமாதி. செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். சமாதி அபிஷேகத்துக்கு மோட்டார் தண்ணீர் ஆகாது. கீழ்க் கிணற்றில் இறைத்து, தலையில் சுமந்து வந்த தண்ணீர்தான் ஆகும்.

ஒன்பது வருஷமாகச் சுமந்தவள் பூமயில்.

போன மாதம் குரு பூசையன்று காலையில் லேசான தூறல். பித்தளைக் குடத்தோடு ஏறியவள் முப்பத்தோராவது படியில் வழுக்கி விழுந்தாள். பதினொரு படி உருண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

அந்தப் படிகளுக்கு வர்ணம் அடித்தவர் ஆவுடையப்பன்.

குரு பூசைக்கு முன்னால் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடிப்பது மடத்து வழக்கம். படியின் முகப்பில் மட்டும்தான் அடிப்பார்கள். கால் வைக்கிற இடத்தில் கல் கல்லாகவே கிடக்கும். ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்து ஓடிவிடும். அடுத்த வருஷம் மறுபடி அடிப்பார்கள்.

ஓவர்சீயருக்கு இது பொறுக்கவில்லை. பத்து வருஷம் நிற்கட்டும் என்று எனாமல் பெயிண்ட் வாங்கினார். முகப்போடும் நிற்கவில்லை. கால் வைக்கிற இடத்திலும் காவியும் வெள்ளையுமாக இழுத்தார். மெயின் ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். படம் பிடித்தார்கள். ஓவர்சீயருக்குத் தலைகால் புரியவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அது அவருக்கும் பெயிண்ட் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

“வெளிப் படிக்கா சார்? அப்ப மணலச் சலிச்சுக் கலந்து அடிங்க. வெறும் எனாமல்னா மழையில கால வாரி விட்ரும்,” என்று டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார்.

சொரசொரவென்று ஆகிவிட்டால் மினுக்கம் போய்விடுமே! ஆவுடையப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் பேச்சு காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறது. திருநீறு எடுத்தால் கேட்கிறது. அம்மையிடம்கூட அதை அவர் சொல்லவில்லை. விதி என்று அம்மை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் சொல்லவே வேண்டாம் என்பது அவர் நினைப்பு.

“சரிம்மா. எனக்கு ஒரு பரிகாரமாவது சொல்லுங்க. காசிக்குப் போகட்டுமா? நாப்பத்தெட்டு நாள் ஒரு பொழுது இருக்கட்டுமா?”

“படியில தண்ணி நிக்குதா?” என்று கேட்டார் அம்மை.

“நிக்குது. காலையில மழைதானே.”

“சாயந்தரம் யாரு தண்ணி கொண்டு வாரா?”

ஆவுடையப்பன் குரல் இறங்கியது.

“அய்யம்பெருமாள். பூமயில் வீட்டுக்காரர்.”

“அப்ப இங்க உக்காந்து எங்கூட என்ன பேச்சு ஓவர்சீயர்?”

*

ஆவுடையப்பன் சுரண்டுகிற தகடும் கம்பி பிரஷ்ஷுமாகப் படியில் உட்கார்ந்தார்.

பத்து வருஷத்துக்கென்று வாங்கிய பெயிண்ட் அல்லவா, லேசில் வரவில்லை. நகத்தளவு உரித்தெடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு நாளைக்கு ஏழு படி. உள்ளங்கை இரண்டும் கொப்புளமாகி உடைந்தன.

அய்யம்பெருமாள் காலையும் மாலையும் குடத்தோடு அந்த வழியாக ஏறி இறங்கினார். ஐம்பத்தைந்து வயதில் புதிதாகத் தண்ணீர் சுமக்கிறவர். முன்பு கிணற்றில் இறைத்துக் கொடுப்பார். தூக்கிக்கொண்டு போவது அவள். இப்போது இரண்டும் அவர்தான்.

“கொஞ்சம் ஒதுங்குங்க சார்,” என்பார்.

ஆவுடையப்பன் ஒதுங்குவார்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் திட்டியிருந்தால் தேவலை. சட்டையைப் பிடித்திருந்தால் இன்னும் தேவலை. இந்த ‘சார்’தான் ஆவுடையப்பனை அறுத்தது.

எட்டாம் நாள் சுரண்டி முடிந்தது. நல்ல வெயில் அடித்தது. கட்டட வேலைக்கு வருகிற மணலை ஒரு சட்டி அள்ளிக் காவி பெயிண்ட்டில் கொட்டிக் கலக்கி, படிகளில் அடித்தார். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். இன்றைக்கு இடது பாதி, அது காய்ந்ததும் வலது பாதி. தண்ணீர் கொண்டு போகிறவருக்கு வழி வேண்டுமே.

காய்ந்ததும் அம்மையை அழைத்தார்.

“தண்ணிய ஊத்தி நடந்து பாத்தேன். ஒரு இம்மி வழுக்கல.”

அம்மை கீழிருந்து மேல்வரை ஏறினார். மேலிருந்து கீழ்வரை இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார்.

இரண்டு இடத்தில் ரத்தம்.

“விழலை,” என்றார். “கிழிச்சிருக்கு.”

ஆவுடையப்பன் தோள் துண்டை எடுத்தார். அம்மை வேண்டாமென்று கையமர்த்தினார்.

“யாருக்காக அடிச்சீங்க?”

“எல்லாருக்கும்தாம்மா.”

“எல்லாரும்னு ஒரு ஆளு இந்தப் படியில ஏறி நான் பாத்ததில்ல. அய்யம்பெருமாள் ஏறுதாரு. நாலு நடை. வெறுங்காலோட.”

ஆவுடையப்பன் மறுபடியும் சுரண்ட உட்கார்ந்தார்.

*

இந்தத் தடவை ஆற்று மணல். மாவு சலிக்கிற சல்லடையில் இரண்டு தடவை சலித்தார். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். குத்தவில்லை. டப்பாவில் போட்டு ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் மேலிருந்து கீழாக அடித்துக்கொண்டே வந்தார்.

அம்மை வந்தபோது கையில் ஒரு குடம் இருந்தது. நிறையத் தண்ணீர்.

“ஏறுங்க,” என்றார்.

“நானா?”

“நீங்கதான்.”

குடத்தின் வயிற்றில் பெரிய ஒடுக்கு. ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது... அந்தக் குடமாம்மா?”

“மடத்துல இருக்குறது ஒரே குடம்.”

துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்தார். அம்மை குடத்தைத் தூக்கி ஏற்றிவிட்டார். ஆவுடையப்பன் வாழ்நாளில் தலையில் தண்ணீர் சுமந்ததில்லை. கழுத்து உள்ளே இறங்கிவிட்டது போலிருந்தது. குனிந்து காலைப் பார்க்க முடியாது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும். தளும்பிய தண்ணீர் முதுகில் வழிந்து படியையும் நனைத்தது.

முதல் இருபது படி நன்றாகப் பிடித்தது. அப்புறம் பிடிப்பு குறைந்துகொண்டே வந்தது. எண்ணிக்கொண்டே வந்து முப்பத்தோராவது படியைச் சுவரோரமாகக் கடந்தார். முப்பத்தெட்டாவது படியில் வலது கால் விருட்டென்று போனது. குடம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நல்ல வேளையாக முழங்கால்தான் அடிபட்டது. பக்கச் சுவரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கிடந்தார்.

குடம் உருண்டு உருண்டு போகிற சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

அந்தச் சத்தத்தை அவர் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அன்றைக்குச் சாமியானா பந்தலுக்குள் நின்று, யாரோ குடத்தைப் போட்டுவிட்டார்கள் என்று எரிச்சல்பட்டார். இப்போது சுவரைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அம்மை தேற்றவில்லை. பக்கத்தில் வந்து, அவர் சறுக்கிய படியை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

“மணல் போட்டேனேம்மா. என் கையாலதான் போட்டேன்.”

“டப்பாவக் கொண்டாங்க.”

ஆவுடையப்பன் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ஒட்டிக்கொண்டிருந்த மணல் அத்தனையும் அடியிலிருந்து கட்டியாக விழுந்தது. ஆரம்பத்தில் ஒரு கலக்குக் கலக்கியதோடு சரி. மேலே அடித்ததெல்லாம் வெறும் பெயிண்ட்.

“ஒவ்வொரு தடவ பிரஷ்ஷ முக்கும்போதும் கலக்கணும்,” என்றார் ஆவுடையப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அப்படியா?” என்றுவிட்டு அம்மை இறங்கிப் போனார்.

*

மூன்றாவது தடவை அவசரப்படவில்லை. ஒரு கையில் குச்சி, ஒரு கையில் பிரஷ். கலக்குவது, தொடுவது, அடிப்பது. படிக்குப் படி தண்ணீர் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தார். சுரண்டிய பிறகு அடித்து முடிக்கவே ஆறு நாள் ஆயிற்று.

“முடிஞ்சதும்மா.”

அம்மை ஏறிப் பார்த்தார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“முப்பத்தொண்ண விட்டுட்டீங்க.”

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

முப்பத்தோராவது படியை மூன்று தடவையும் அவர் தொடவில்லை. அதன் நடுவில் ஓர் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மஞ்சள், குங்குமம், வாடிய அரளி. ஏறுகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாகப் போனார்கள். பிள்ளை வரம் கேட்டு யாரோ ஒரு மஞ்சள் கயிறும் போட்டிருந்தார்கள். விளக்கெண்ணெய் வழிந்து, சுரண்டாத எனாமலின் மேல் படர்ந்து, படி முழுவதும் பளபளத்தது.

“அதுல கை வைக்க எப்படிம்மா? ஊரே கும்பிடுது. பூமயில் தெய்வமாயிட்டான்னு சொல்லுதாங்க.”

“முதல்ல யாரு சொன்னா?”

ஆவுடையப்பன் கையிலிருந்த பிரஷ்ஷைத் துடைக்கத் தொடங்கினார்.

“முதல் விளக்கு யாரு வச்சா?”

மழை வருகிற மாதிரி இருந்தது. ஆவுடையப்பன் வானத்தைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

“நான்தான். அவளுக்குப் பதினாறு முடிஞ்ச மறுநாள்.”

“வச்சதும் எப்படி இருந்துச்சு?”

“அன்னைக்குத்தான் கொஞ்சம் தூங்குனேன்.”

அம்மை தலையை ஆட்டினார். அதில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்கிறவர் தலையாட்டுவது போலத்தான் இருந்தது.

“அத எடுத்துட்டு அடிக்கட்டுமா? நீங்க ஒரு வார்த்தை உத்தரவு சொன்னாப் போதும்.”

“நான் எப்படிச் சொல்லுவேன்? அவ தெய்வம்னா அவகிட்டக் கேளுங்க. பொம்பளைன்னா அவ புருசன்கிட்டக் கேளுங்க.”

*

அய்யம்பெருமாள் கிணற்றடியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் போய் நின்றார். நாலு தடவை தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணு கேக்கணும். முப்பத்தொண்ணாம் படியில அந்த விளக்க எடுத்துட்டு, அதையும் அடிக்கலாமா? நீங்க சம்மதிச்சாத்தான்.”

“எங்கிட்ட எதுக்குக் கேக்குதீங்க சார்?”

“உங்க வீட்டுக்காரிக்கு வச்ச விளக்கு...”

“நான் ஒரு நாளும் அதுல எண்ணெய் ஊத்தலை.” அய்யம்பெருமாள் கயிற்றைக் கீழே வைத்தார். “எண்ணெய் வழிஞ்சு கெடக்கு, பாத்திருப்பீங்க. நான் அந்தப் படிய மிதிக்குறதே இல்ல. முப்பதுலருந்து முப்பத்திரெண்டுக்கு எட்டி வைப்பேன். குடத்தோட.”

ஆவுடையப்பன் மேலே படிகளைத் திரும்பிப் பார்த்தார்.

“அவளுக்கு முட்டு வலி சார். ராத்திரியெல்லாம் தைலம் தேய்ச்சு விடணும். சாமிக்கு முட்டு வலிக்குமா? எனக்குச் சொல்லத் தெரியல. ஊரே கும்பிடுதப்போ நான் மட்டும் என்னத்தச் சொல்ல? யாரு மொதல்ல வச்சாங்களோ.”

“நான்தான் வச்சேன்.”

அய்யம்பெருமாள் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“நல்ல மனசுலதான் வச்சிருப்பீங்க,” என்றார். “வாங்க, எடுத்துருவோம்.”

இரண்டு பேரும் ஏறினார்கள். அய்யம்பெருமாள் விளக்கை ஊதி அணைத்து ஓரமாக வைத்தார். பூவையும் கயிற்றையும் பொறுக்கி வேலியோரம் போட்டார். ஆவுடையப்பன் சோப்புத் தூளைப் போட்டு எண்ணெயைத் தேய்த்துக் கழுவினார்.

அழுக்கு போனதும் அடியில் ஒரு கீறல் தெரிந்தது. படியின் நடுவிலிருந்து ஓரம்வரை நீளமாக, பித்தளை இழுத்த கீறல்.

ஆவுடையப்பன் கை நின்றுவிட்டது.

அய்யம்பெருமாள் அவர் கையிலிருந்த தகட்டை வாங்கினார். கீறலின்மேல் தகட்டை வைத்து அவரே சுரண்டினார். கல் தெரிகிறவரைக்கும் சுரண்டினார்.

வெயில் ஏறியதும் படி காய்ந்தது. ஆவுடையப்பன் புது டப்பாவைத் திறந்தார். சட்டியில் சலித்த மணல் இருந்தது. அள்ளிப் போட்டுக் குச்சியால் கலக்கத் தொடங்கினார்.

“மத்த படியெல்லாம் இப்ப நல்லாப் பிடிக்குது சார்,” என்றார் அய்யம்பெருமாள். “காலுக்கும் நோவல. சொல்லணும்னு நெனச்சேன்.”

ஆவுடையப்பன் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“மணல் போடணும்னு எப்படித் தெரிஞ்சுது?”

“பெயிண்ட் கடைக்காரர் சொன்னாரு.”

“நல்ல மனுசன். நடந்ததக் கேள்விப்பட்டுட்டுச் சொல்லிருப்பாரு.”

தப்பித்துப் போக வழி அதுதான். அதையும் அய்யம்பெருமாளே திறந்து வைத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். தலை தானாகவே ஆடப் பார்த்தது. ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். மேலே படியிலோ மடத்து வாசலிலோ அம்மை இல்லை.

குச்சி நின்றது.

“இல்ல அய்யம்பெருமாள். கேள்விப்பட்டுட்டுச் சொல்லல. முன்னாலயே சொன்னாரு. குரு பூசைக்கு முன்னால, டப்பா வாங்கும்போதே சொன்னாரு. நான்தான் போடலை.”

கீழே ரோட்டில் ஒரு லாரி போனது. அந்தச் சத்தம் முழுக்க அடங்கியது.

“ஏன் போடலை?”

“மினுக்கம் போயிரும்னு.”

அய்யம்பெருமாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணல் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு டப்பாவுக்கு எவ்வளவு மணல் போடணும்?”

“நாலு கைப்பிடி.”

அய்யம்பெருமாள் குனிந்து சட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினார். விரல்களை விரித்து, உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா சார்?”